கண்ணாடித் தொட்டிக்குள் ஒரு குளத்தங்கரை



போன இதழில் தேனீப் பெட்டி பற்றிய பாடம் படித்திருப்பீர்கள். இந்த இதழில் மீன்தொட்டி. "மீன்தொட்டியில படிக்க என்ன இருக்கு? தண்ணி ஊத்தி மீனைப் போட்டா ஆச்சு"ன்னு நினைக்கலாம். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். அந்த நினைப்பு ஒரு குழுவுக்கு எவ்வளவு நஷ்டம் கொடுத்தது என்பதிலிருந்தே பாடத்தைத் தொடங்குகிறோம்.

தாமிரபரணிக் கால்வாய்ப் பாசனத்தில் உள்ள ஒரு ஊர். குழுவில் பன்னிரண்டு பேர். வீட்டிலேயே செய்கிற மாதிரி ஒரு தொழில் வேண்டும் என்று கேட்டார்கள். மீன்தொட்டி அமைத்துக் கொடுக்கலாமே என்று யோசனை சொன்னது நாங்கள்தான். ஆறாயிரம் ரூபாய் உள்கடன் எடுத்து இரண்டு தொட்டி தயார் செய்தார்கள். அடியில் நீலமும் பச்சையுமாகச் சாயக் கல், பிளாஸ்டிக் செடி, வாயைத் திறந்து மூடும் பொம்மை முதலை. மீன்களில் தங்கமீன், ஏஞ்சல், கப்பி எல்லாம் கலந்து ஒரே தொட்டியில் இருபத்தைந்து. பார்க்க ஜோராகத்தான் இருந்தது. ஒரு தொட்டி டவுனில் ஒரு கடைக்கு விற்பனையானது.

பத்தாம் நாள் போன் வந்தது. பாதி மீன் மிதக்கிறது, வந்து எடுத்துக்கொண்டு பணத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்று. ஊரில் இருந்த தொட்டியிலும் அதே கதை. தண்ணீர்தான் கெட்டுப்போச்சு என்று நினைத்து மொத்தத் தண்ணீரையும் கொட்டி, கல்லையெல்லாம் சோப்புப் போட்டுக் கழுவி, புதுத் தண்ணீர் நிரப்பினோம். மிச்சம் இருந்ததும் மூன்று நாளில் செத்தது. அந்த மாதக் கூட்டத்தில் யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. கையெழுத்துப் போட்டு உள்கடன் வாங்கிய பிரதிநிதி அழுதுவிட்டார்.

அப்போது ஓரமாக உட்கார்ந்திருந்த ஒரு ஆச்சி கேட்டார்: "எம்மா, நம்ம குளத்துத் தண்ணிய யாரு வாரா வாரம் இறைச்சுக் கழுவி வைக்கா? அங்க மீனு சாவாம கெடக்குல்லா?"

எங்களுக்குப் பதில் தெரியவில்லை. மறுநாள் காலையில் ஆச்சியோடு குளத்தங்கரைக்குப் போனோம். இந்தப் பாடம் அங்கே ஆரம்பித்ததுதான்.

குளம் தன்னைத்தானே எப்படிக் கழுவிக்கொள்கிறது?

மீன் சாணி போடுகிறது. சாப்பிடாத தீனி மட்கிப் போகிறது. இதிலிருந்து அம்மோனியா என்கிற நஞ்சு வரும். மாட்டுக் கொட்டகையில் மூக்கைக் குத்துகிற நெடி இருக்கிறதே, அதே சாமான். குளத்து மண்ணிலும் கல்லிலும் வேரிலும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் ஒட்டிக்கொண்டு இருக்கின்றன. ஒரு வகை அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். அதுவும் மீனுக்கு நஞ்சுதான். இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரேட் அதிகமாகச் சேர்ந்தால் ஒழிய மீனை ஒன்றும் செய்யாது, செடிக்கோ அதுதான் உரம். தயிருக்கு உறை ஊற்றுகிறோமே, அதுபோல நினைத்துக்கொள்ளுங்கள். உறை இல்லாத பாலை எத்தனை நாள் வைத்தாலும் தயிராகாது, கெட்டுத்தான் போகும்.

புதுத் தொட்டியில் இந்த உறை கிடையாது. தானாக உண்டாக நாலு முதல் ஆறு வாரம் ஆகும். நாங்கள் முதல் நாளே இருபத்தைந்து மீன் போட்டோம். பத்து நாளில் அம்மோனியா ஏறிவிட்டது. அப்புறம் சோப்புப் போட்டுக் கழுவினோமே, கொஞ்சநஞ்சம் பிடித்திருந்த உறையும் அதோடு போச்சு. சோப்பு மீனுக்கே ஆகாது என்பது வேறு. கடைக்காரர் மேலும் தப்பில்லை, மீன் மேலும் தப்பில்லை. சரியாகத் தெரிந்துகொள்ளாமல் யோசனை சொன்ன நாங்கள்தான் காரணம் என்று அடுத்த கூட்டத்தில் ஒத்துக்கொண்டோம்.

இதைக் கண்டுபிடிக்க வெள்ளைக்காரர்களும் திண்டாடியிருக்கிறார்கள். லண்டனில் ராபர்ட் வாரிங்டன் என்ற வேதியியல்காரர் ஒரு கண்ணாடிப் பாத்திரத்தில் இரண்டு தங்கமீனும், நாடா மாதிரி நீளமாக வளரும் வாலிஸ்னேரியா செடியும் வைத்துப் பார்த்தார். செடியின் பழைய இலைகள் அழுகித் தண்ணீர் கெட்டது. பிறகு குளத்து நத்தைகளைக் கொண்டுவந்து விட்டார். நத்தை அழுகலைத் தின்றது, தண்ணீர் தெளிந்தது. இதை அவர் 1850ல் எழுதி வெளியிட்டார். மீன், செடி, நத்தை மூன்றும் ஒன்றுக்கொன்று வேலை செய்கிறது என்பதுதான் அவர் பார்த்தது. ஆச்சி படிக்காமலே சொன்னதும் அதுதானே!

ஒரே ஓர் இடத்தைத் தேர்ந்தெடுங்கள்

எங்கள் முதல் தொட்டியை யோசித்துப் பாருங்கள். தங்கமீனின் முன்னோர் சீனாவில், குளிர்ந்த தண்ணீரில் வாழ்ந்த கெண்டை இனம். ஏஞ்சல் மீன் தென் அமெரிக்காவில் அமேசான் ஆற்றுப் பக்கத்து மீன், வெதுவெதுப்பான தண்ணீர் கேட்கும். அதே ஏஞ்சல் வளர்ந்துவிட்டால் சின்னக் கப்பியை விழுங்கும். பஸ் ஸ்டாண்டில் நிற்கிற கூட்டம் மாதிரி, ஒருவருக்கொருவர் சம்பந்தமில்லாதவர்களை ஒரே வீட்டில் அடைத்துவைத்தோம்.

இயற்கைத் தொட்டி என்பது வேறு. ஏதாவது ஒரு நீர்நிலையை, அதிலும் ஒரு குறிப்பிட்ட இடத்தை எடுத்துக்கொண்டு, அங்கே உள்ள தண்ணீர், மண், கல், இலை, செடி, மீன் இவற்றை மட்டுமே வைத்து அமைப்பது. தெரிந்தவர்கள் இதைப் பயோடோப் தொட்டி என்பார்கள். செல்போனில் காடு, மலை மாதிரி அழகான தொட்டிகளைப் பார்த்திருப்பீர்கள். அது ஜப்பானைச் சேர்ந்த தகாஷி அமானோ (1954–2015) பிரபலமாக்கிய முறை. கண்ணுக்கு விருந்துதான். ஆனால் எந்த நாட்டுச் செடியையும் எந்த நாட்டு மீனோடும் அழகுக்காகச் சேர்ப்பார்கள். பெரும்பாலும் செடிக்குக் கார்பன் டை ஆக்சைடு வாயு செலுத்த சிலிண்டரும் வேண்டும். நம் கைக்கு அது எட்டாது. குளத்தங்கரைத் தொட்டி எட்டும்.

ஆச்சியோடு போன அன்று குளத்தில் எந்த இடம் என்று முதலில் முடிவு செய்தோம். நடுக்குளம் வேண்டாம், அங்கே பெரிய மீன். மடைக்குப் பக்கம் முழங்கால் ஆழத் தண்ணீர், மேலே ஒரு மரத்தின் நிழல், அடியில் வண்டல் கலந்த மணல். அந்த இரண்டடி இடத்தை அரைமணி நேரம் அசையாமல் பார்த்தோம். மேல்மட்டத்தில் முண்டக்கண்ணி, தலையில் பொட்டு மின்ன, கொசுப்புழுவுக்குக் காத்துக்கொண்டு அப்படியே நிற்கும். நடுவில் சின்னக் கெண்டைகள் கூட்டமாகப் போகும், வரும். அடியில் ஒன்றும் இல்லை என்று நினைத்தோம். ஆச்சி ஒரு குச்சியால் மணலைத் தொட்டார். அயிரை வெளியே வந்து ஓடியது. மணலுக்குள் முகம் மட்டும் தெரியப் புதைந்து கிடந்திருக்கிறது.

பாருங்கள், மூன்று வகை மீன், மூன்று மட்டம், சண்டையே இல்லை. எந்தக் கடையிலும் இப்படிச் சேர்த்துத் தரமாட்டார்கள்.

நீங்களும் முதலில் ஒரு நோட்டு எடுத்துக்கொண்டு உங்கள் ஊர்த் தண்ணீருக்குப் போங்கள். தண்ணீர் ஓடுகிறதா நிற்கிறதா, வெயில் எவ்வளவு நேரம் விழுகிறது, அடியில் மணலா சேறா கூழாங்கல்லா, என்ன இலை விழுந்து கிடக்கிறது, எந்த மீன் எந்த மட்டத்தில் இருக்கிறது. இதை எழுதாமல் தொட்டிக்குக் காசு கொடுக்காதீர்கள்.

தொட்டி அமைக்கும் விதம்

இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் உள்ள தொட்டி ஆரம்பத்துக்குப் போதும். விளிம்புவரை ஊற்றினால் 56 லிட்டர் பிடிக்கும். மணல், கல் போக நாற்பத்தைந்து லிட்டர் தண்ணீர் நிற்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லாம் சேர்த்து அறுபது கிலோவுக்கு மேல் வரும். ஆட்டம் கொடுக்கிற ஸ்டூல் மேல் வைத்துவிடாதீர்கள். அடியில் தெர்மோகோல் அட்டை போட்டு வைத்தால் கண்ணாடி விரிசல் விடாது. ஜன்னல் வெயில் நேராக விழுகிற இடம் வேண்டாம், பச்சைப்பாசி படர்ந்து கண்ணாடியே தெரியாமல் போகும். விளக்கும் ஒரு நாளைக்கு ஆறு முதல் எட்டு மணி நேரம் போதும்.

மணலுக்காக ஆற்றில் போய் அள்ள வேண்டாம். வீடு கட்டின இடத்தில் மிஞ்சிய ஆற்றுமணல் நாலு சட்டி கிடைத்தால் போதும். அரிசி களைகிற மாதிரி, கலங்கல் போகிறவரை பத்துப் பதினைந்து தடவை அலசுங்கள். சோப்பு, பிளீச்சிங் பவுடர் எதுவும் கூடாது. முன்பக்கம் இரண்டு அங்குலம், பின்பக்கம் நாலு அங்குலம் என்று சரிவாகப் பரப்பினால் கரை இறங்குகிற மாதிரியே தெரியும். கூர்மையான ஜல்லி போட்டால் அயிரையின் மீசை புண்ணாகும், புதையவும் முடியாது.

கல் வைக்கும் முன் அதன் மேல் எலுமிச்சைச்சாறு இரண்டு சொட்டு விடுங்கள். நுரைத்தால் சுண்ணாம்புக் கல். தண்ணீரை மேலும் மேலும் கடினமாக்கும், ஒதுக்கிவிடுங்கள். நம் ஊர்க் கருங்கல் நுரைக்காது. காய்ந்து இற்றுப்போகாத மரவேர் கிடைத்தால் நல்லது. மூழ்குகிறவரை ஒன்றிரண்டு வாரம் வாளித் தண்ணீரில் ஊறப்போட வேண்டும். தானாக விழுந்து காய்ந்த வாதாம் இலை இரண்டு மூன்று அடியில் போட்டால் தண்ணீர் லேசாகத் தேநீர் நிறம் பிடிக்கும். அழுக்கு இல்லை அது, நிழலான குளத்தங்கரையின் நிறம். வாங்குகிறவர்களிடம் இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் "தண்ணி பழுப்பா இருக்கே"ன்னு போன் வரும்!

செடிக்கு வேலம்பாசி, நாடாப்பாசி, நீர்ப்பிரம்மி மூன்றும் நம் வாய்க்காலிலேயே கிடைக்கும். உயரமானது பின்னால், குட்டையானது ஓரங்களில். நடுவில் மீன் நீந்த வெறும் மணலாகவே விடுங்கள். நம் பெண்களுக்குக் கோலம் போடுகிற கை, இடைவெளி விடுவது எப்படி என்று சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் செடியை வாய்க்காலில் இருந்து நேராகத் தொட்டிக்குக் கொண்டுபோகக் கூடாது. அட்டையும் தும்பிப் புழுவும் கூடவே வரும். தும்பிப் புழு சின்ன மீனைப் பிடித்தே தின்னும். நன்றாக அலசி, தனி வாளியில் இரண்டு வாரம் வைத்து, தினம் பார்த்துப் பொறுக்கிய பிறகுதான் நட வேண்டும்.

பஞ்சு வடிகட்டி ஒன்று, சின்னக் காற்று மோட்டார் ஒன்று. குளத்தங்கரை மீனுக்கு வேகமான ஓட்டம் தேவையில்லை. உறை பிடிக்கிற முக்கிய இடம் இந்தப் பஞ்சுதான். அதைக் குழாயடியில் கழுவாமல், தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரிலேயே பிழிந்து அலசுங்கள்.

போர் தண்ணீரில் பாத்திரத்தில் வெள்ளைப் படிவம் விழுகிற ஊர் என்றால் பாதிக்குப் பாதி மழைத்தண்ணீர் கலக்கலாம். பஞ்சாயத்துக் குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும். அகலமான பாத்திரத்தில் ஒரு நாள் முழுக்கத் திறந்துவைத்து, பிறகு ஊற்றுங்கள்.

ஆறு வாரம் பொறுக்க முடியுமா?

எல்லாக் குழுவும் சறுக்குகிற இடம் இது. தொட்டி தயாரானதும் வீட்டுப் பிள்ளைகள் விடமாட்டார்கள், மீனைப் போடு, மீனைப் போடு என்று. முதல் இரண்டு வாரம் செடி மட்டும் இருக்கட்டும். அப்புறம் நாலே நாலு கெண்டை. நன்றாக ஓடுகிற வேறு தொட்டியின் பஞ்சு கிடைத்தால் அதைப் புதுத் தொட்டியில் போட்டுவைக்கலாம், உறை ஊற்றுகிற மாதிரி சீக்கிரம் பிடிக்கும். ஆறாவது வாரத்துக்கு மேல் மற்ற மீன்களை இரண்டு தவணையாக விடுங்கள். இந்தத் தொட்டிக்கு முண்டக்கண்ணி ஐந்து, சின்னக் கெண்டை ஆறு, அயிரை நாலு. அதற்கு மேல் ஒன்றுகூட வேண்டாம். மின்சாரம் போனால் மோட்டார் நிற்கும். இரவில் செடியும் மூச்சு விடும், காற்று கொடுக்காது. மீன் குறைவாக இருந்தால்தான் விடியும்வரை தாங்கும்.

தீனி ஒரு சிட்டிகை, இரண்டு நிமிடத்தில் தின்று தீர்கிற அளவு. சோறு, பொரி, ரொட்டி போடுகிறவர்களைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறோம், போடாதீர்கள். முண்டக்கண்ணிக்குக் கொசுப்புழு போட்டால் அது பாய்கிற அழகைப் பார்க்க வேண்டும். மேலே மூடி கட்டாயம், முண்டக்கண்ணி குதித்துவிடும்.

வாரம் ஒருமுறை கால்வாசித் தண்ணீர் மட்டும் எடுத்து, ஆறவைத்த புதுத் தண்ணீர் ஊற்றுங்கள். ஆச்சி கேட்ட மாதிரி குளத்துக்கு யாரும் மாற்றுவதில்லைதான். ஆனால் குளத்தில் ஒரு மீனுக்கு எத்தனை குடம் தண்ணீர், நம் தொட்டியில் எத்தனை சொம்பு! அந்தக் குறையை நம் கைதான் ஈடுகட்ட வேண்டும்.

இரண்டாம் தடவையும் ஒரு தப்பு நடந்தது. பிரதிநிதியின் மகன் குளத்திலிருந்து செக்கச்செவேலென்று பத்துக் குஞ்சு பிடித்துவந்தான். கொள்ளை அழகு. தொட்டியில் விட்டார்கள். அது விரால் குஞ்சு. விரால் சின்னதில்தான் அந்தச் சிவப்பு. இரண்டு மாதத்தில் நிறம் மாறியது, முண்டக்கண்ணி எண்ணிக்கையும் ஒவ்வொன்றாகக் குறைந்தது. ஆச்சி ஊருக்குப் போயிருந்த நேரம், இல்லாவிட்டால் வாசலிலேயே தடுத்திருப்பார்.

மீன் எங்கிருந்து வர வேண்டும்?

குளம் குத்தகையில் இருந்தால் குத்தகைதாரரிடம் கேட்காமல் ஒரு மீனும் எடுக்கக் கூடாது. அந்தக் குழு கோடையில் குளம் வற்றும்போது, குட்டையில் சாகக் கிடக்கிற சின்ன மீன்களை அவரிடம் சொல்லிவிட்டு எடுத்தார்கள். இது எங்களுக்குச் சரியாகவே படுகிறது. ஆனால் மலையடிவாரத்து ஓடை மீன்மேல் கை வைக்காதீர்கள். தாமிரபரணியின் மேல்பகுதி களக்காடு–முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது, அங்கே எதையும் பிடிக்கக் கூடாது. இந்த ஆற்றின் பெயரையே அறிவியல் பெயரில் தாங்கிய டாக்கின்சியா தாம்ப்ரபர்ணியை என்ற கெண்டை வேறு ஆறுகளில் கிடையாது. இங்கே தீர்ந்தால் உலகத்திலேயே தீர்ந்தது. மிஸ் கேரளா என்று கடையில் விற்கிற சிவப்புக் கோட்டு மீன், கேரளா, கர்நாடக மலை ஓடைகளைச் சேர்ந்தது. பிடித்துப் பிடித்து விற்றதும் ஒரு காரணமாக, இன்று அழியும் ஆபத்தில் உள்ள இனங்களின் பட்டியலில் இருக்கிறது. வாங்குவதாக இருந்தால் பண்ணையில் குஞ்சு பொரித்ததா என்று கேட்டு வாங்குங்கள்.

பிடிப்பதே தப்பு என்றும் நாங்கள் சொல்லவில்லை. பிரேசில் நாட்டில் ரியோ நீக்ரோ ஆற்றங்கரையில் பார்செலோஸ் என்று ஒரு ஊர். வெள்ளத்தில் மூழ்கும் காட்டுக்குள் படகில் போய், கார்டினல் டெட்ரா என்ற சின்ன வண்ணமீனைக் கைவலையில் பிடித்து விற்றே அங்கே பல குடும்பங்கள் பிழைத்துவந்திருக்கின்றன. காடு இருந்தால்தான் மீன், மீன் இருந்தால்தான் சோறு என்பதால் காட்டை அவர்கள் விட்டுக்கொடுப்பதில்லை. அந்த ஆற்றுத் தண்ணீரும் மட்கிய இலைகளால் கருந்தேநீர் நிறம்தான். யாராவது டெட்ரா மீன் தொட்டி கேட்டால் அதே முறையில் செய்யலாம். மழைத்தண்ணீர், மரவேர், காய்ந்த இலை, மங்கிய வெளிச்சம். நம் குளத்து மீனை மட்டும் அதில் கலக்காதீர்கள்.

இன்னொன்று, இதில் நாங்கள் கண்டிப்பாக இருக்கிறோம். விற்காத, பெரிதாகிவிட்ட கடை மீனைக் குளத்திலோ வாய்க்காலிலோ விடவே கூடாது. பாவம், உயிர் பிழைக்கட்டும் என்று விடுகிறோம், அது நம் மீனைத் தின்று பெருகுகிறது. ஆப்பிரிக்கக் கெளுத்தியை மத்திய அரசு 2000ஆம் ஆண்டில் தடை செய்தது இதனால்தான். தொட்டியைச் சுத்தம் செய்யும் என்று விற்கிற முள்ளு முள்ளான சக்கர் மீன் ஆந்திரா, கேரளா என்று பல நீர்நிலைகளில் பரவி வலைகளைக் கிழிக்கிறது. நம் குளங்களை மூடிக்கிடக்கிற ஆகாயத்தாமரையும் தென் அமெரிக்காவிலிருந்து அழகுக்கென்று கொண்டுவந்த செடிதானே. அதை வெட்டி எடுக்க வேலைத் திட்டத்தில் நாம்தான் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்குகிறோம்.

அந்தக் குழு இப்போது

கடைக்காரருக்குப் பணம் திருப்பிக் கொடுத்தாயிற்று, உள்கடன் அடைய பதினாலு மாதம் ஆனது. குளத்தங்கரைத் தொட்டி முதலில் ஊர் அங்கன்வாடியில் வைக்கப்பட்டது. பிறகு ஒரு பள்ளிக்கும் ஒரு மருத்துவர் வீட்டுக்கும் செய்து கொடுத்தார்கள். பெரிய வருமானம் என்று சொல்லமாட்டோம். ஒரு தொட்டிக்கு இரண்டு மாத வேலை, மாதம் ஒருமுறை போய்ப் பார்த்து வருவதற்கும் சேர்த்துத்தான் விலை பேசுகிறார்கள். இப்போதெல்லாம் மீன் விட்டு ஒரு மாதம் தங்கள் வீட்டிலேயே ஓட்டிப் பார்த்த பிறகுதான் தொட்டியைக் கொடுக்கிறார்கள். கொண்டுபோகும்போது பஞ்சையும் மணலையும் காயவிடுவதில்லை. அவசரமாக வேண்டும் என்கிறவர்களுக்கு இல்லை என்று சொல்லக் கற்றுக்கொண்டார்கள்.

தொழிலாகச் செய்ய நினைக்கும் குழுக்கள் உள்கடன் தீர்மானம் போடும் முன் மாவட்ட மீன்வளத்துறை அலுவலகத்தில் பயிற்சிக்கும் மானியத்துக்கும் விசாரித்துவிடுங்கள்.

கூட்டத்தில் கலந்துபேச:

உங்கள் ஊர்த் தண்ணீரில் பத்து வருஷத்துக்கு முன் இருந்து இப்போது கண்ணில் படாத மீன் எது? மூத்த உறுப்பினர்களிடம் பேரைக் கேட்டு எழுதுங்கள்.

வீட்டில் மீன்தொட்டி வைத்திருக்கும் உறுப்பினர் யாராவது உண்டா? கடைசியாக மீன் செத்தபோது என்ன செய்தார்கள், தண்ணீர் முழுவதையும் கொட்டினார்களா?

எழுதியதைக் கூட்டமைப்புக் கூட்டத்துக்கு வரும்போது கொண்டுவாருங்கள். ஆச்சியும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். அயிரையை மணலில் கண்டுபிடிப்பது எப்படி என்று ஒரு தொட்டியிலேயே காட்டுவார்.